அடங்கிய நிறம், அசல் மரம்: நெல்லைச் சீமையில் வீடு அலங்கரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீட்டு உள்வேலை எடுத்துச் செய்கிறேன். புதுவீடு கட்டுகிற பலர் இப்போது போனில் ஒரு படத்தைக் காட்டித்தான் பேச்சையே தொடங்குகிறார்கள். பால் வெள்ளைச் சுவர், வெளிர் மரத்தில் நாற்காலி, மூலையில் ஒரு ஜாடியில் காய்ந்த புல். "அண்ணாச்சி, இதே மாதிரி வேணும்." படத்தில் இருப்பது பனி பெய்கிற ஊர். நம் ஊரில் பெய்வது தூசி. அதனால் அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆனால் அந்தப் படத்தில் அவர்களுக்குப் பிடித்த அமைதியை இங்கே இருக்கிற பொருளை வைத்தே கொண்டுவரலாம். எப்படி என்று திரும்பத் திரும்பச் சொன்ன பதில்கள் இவை.

நியூட்ரல் கலர் என்றால் வெள்ளையும் சாம்பலும் மட்டும்தானா?

இல்லை. கண்ணைப் பிடித்து இழுக்காமல் அடங்கி நிற்கிற எல்லா நிறமும் இதில் சேரும். சுண்ணாம்பு வெள்ளை, மோர், தந்தம், காய்ந்த ஓலை, கோரை, ஆற்று மணல், தவிடு, அடுப்புச் சாம்பல் எல்லாமே உண்டு. பெயிண்ட் கடையில் "லைட் கலர்" என்று கேட்டால் இளநீலத்தையும் இளம்பச்சையையும் எடுத்துப் போடுவார்கள். அது வேறு கணக்கு.

வெள்ளையில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. சுண்ணாம்பைக் கரைத்து அதில் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். கலந்தால் பளிச்சென்று வெளுப்பாகத் தெரியும். நீலம் கூடிப்போனால் எங்கள் ஆச்சி, "ஏலே, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று திட்டுவாள். நீலமே சேராத சுண்ணாம்பில் லேசாக ஒரு மஞ்சள் ஓடும். இன்றைக்கு ஷேட் கார்டில் இருக்கிற முப்பது வெள்ளையும் இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள்தான்: நீலம் ஓடியது, மஞ்சள் ஓடியது. தேக்கும் பலாவும் மஞ்சளும் செம்பழுப்புமான மரங்கள். அவற்றோடு மஞ்சள் ஓடிய வெள்ளை சேர்ந்து நிற்கும். நீலம் ஓடிய வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் நல்ல தேக்குகூட ஆரஞ்சாகத் தெரியும்.

எல்லாம் வெள்ளையும் பழுப்புமாக இருந்தால் துஷ்டி வீடு (சாவு வீடு) மாதிரி ஆகிவிடாதா?

பெரும்பாலும் மாமியார்கள் கேட்கிற கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. சுவர், தரை, திரைச்சீலை, சோபா எல்லாம் ஒரே நிறம் மட்டுமல்ல, ஒரே வழவழப்பும் என்றால் வீடு வெறிச்சென்றுதான் இருக்கும். நிறத்தைக் குறைக்கிறபோது சொரசொரப்பைக் கூட்ட வேண்டும். காடாத் துணியில் (வெளுக்காத முரட்டுப் பருத்தி) திரை, நார்க்கட்டில், சுடுமண் பானை, பின்னல் தெரிகிற பாய், ரேகை ஓடுகிற பலகை என்று கைக்கு வேறு வேறாகத் தட்டுப்படுகிற பொருள்கள் வேண்டும். காருக்குறிச்சிப் பக்கம் போனால் ஒரு நல்ல பானை கிடைக்கும். அதன் தலையில் பெயிண்டை ஊற்றாமல் அப்படியே வையுங்கள்.

கலரைப் பற்றிக் கவலை வேண்டாம். குத்துவிளக்கும் செவ்வந்தியும் வாசல் கோலமும் வந்துவிடும். ஒரு விசேஷத்துக்கு நாலு பட்டுச்சேலை வீட்டுக்குள் நடமாடும்போது பின்னால் இருக்கிற சுவர் சும்மா இருப்பதுதான் நல்லது.

கார்டில் பார்த்த நிறம் சுவரில் வேறாக வந்துவிட்டது. பெயிண்டர் ஏமாற்றினாரா?

பெரும்பாலும் இல்லை. கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு விரல் அகலச் சீட்டைப் பார்த்து எடுத்த முடிவு அது. சுவரின் நிறம் அதன்மேல் விழுகிற வெளிச்சத்தைப் பொறுத்தது.

வடக்குச் சன்னலில் குளிர்ந்த வெளிச்சம் வரும், அதனால் வடக்கு அறைக்குச் சூடான நிறம் அடியுங்கள் என்று எங்கோ எழுதியதை இங்கேயும் சிலர் ஒப்பிக்கிறார்கள். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 8.7 பாகைதான் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிப்பொழுதுச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் நிற்கும். ஆக, நம் வடக்குச் சன்னலிலும் வருஷத்தில் நாலு மாதம் வெயில் உண்டு. தெற்குப் பக்கம் மார்கழியில் அடிக்கிற வெயில் சித்திரையில் இருக்காது. புத்தக விதியை விட்டுவிட்டு உங்கள் சுவரைப் பாருங்கள்.

பார்க்கிற முறை இது. பிடித்த மூன்று நிறத்தில் சின்ன டப்பா வாங்கி, பிரைமர் அடித்த சுவரில் 2 அடிக்கு 2 அடி கட்டமாக இரண்டு கோட் அடியுங்கள். பழைய பச்சைச் சுவர்மேல் அடித்துப் பார்த்தால் கண் ஏமாறும். மூன்று நாள் விடுங்கள். காலை ஏழு மணி, நடுமத்தியானம், விளக்குப் போட்ட பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள். திருநெல்வேலி டவுனில் ஒரு வீட்டில் நான் தேர்ந்த மோர் நிறம் காலை பத்து மணி வரை பச்சையடித்தது. டப்பாவைத் திறந்து பார்த்து, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாத குறை. பிறகுதான் எதிர்வீட்டைப் பார்த்தேன். கிளிப்பச்சை. கீழ்வெயில் அந்தச் சுவரில் பட்டு எங்கள் பட்டகசாலைக்குள், அதாவது கூடத்துக்குள், வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரரை மாற்ற முடியுமா? நாங்கள்தான் கொஞ்சம் சிவப்பு ஓடிய வெள்ளைக்கு மாறினோம்.

வெளிர் நிறம் அடித்தால் தூசி தெரியாதா?

தெரியும். ஆனால் எந்தத் தூசி என்று பார்த்துத்தான் நிறத்தையே தேர வேண்டும். இதை ஒரு தப்பு செய்துதான் படித்தேன். சாத்தான்குளம் பக்கம் ஒரு வீடு. நல்ல வெளிர் சாம்பல் அடித்து, அதே சாம்பலில் தரையும் போட்டுக் கொடுத்தேன். சாவி கொடுத்த அன்றைக்கு அத்தனை அழகு. ஆடி பிறந்து காற்று ஆரம்பித்ததும் அந்த அம்மா போன் செய்தார்: "வீடு முழுக்கச் செங்கல்தூள் தூவுன மாதிரி இருக்கு தம்பி." அங்கே இருப்பது தேரிக்காட்டுச் செம்மண். சாம்பல்மேல் சிவப்பு விழுந்தால் அழுக்கு. ஓலை நிறத்தின்மேலோ சந்தனத்தின்மேலோ அதே சிவப்பு விழுந்தால் பாதி கண்ணுக்கே தெரியாது.

திசையன்விளை, உடன்குடி, சாத்தான்குளம் என்று செம்மண் பக்கம் இருப்பவர்கள் மஞ்சளும் சிவப்பும் ஓடிய வெளிர் நிறங்களுக்குப் போங்கள். சங்கரன்கோவில், கோவில்பட்டி என்று கரிசல் பக்கமானால் சாம்பல் கலந்த மணல் நிறம் நன்றாகத் தாங்கும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் தூசியைவிடச் சாரலின் ஈரம்தான் வில்லன். பூஞ்சை பிடிக்காத பெயிண்டும், அறைக்குள் காற்று ஓட வழியும்தான் அங்கே முதல் வேலை. நிறம் அதற்குப் பிறகு.

பழைய வீடுகளில் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் காவிப்பட்டை அடித்திருப்பார்களே, அது அலங்காரம் மட்டுமல்ல. துடைப்பமும் தண்ணீரும் தூசியும் படுகிற இடம் அது. இன்றைக்கு அரை அடி உயரத்துக்கு மரநிற ஸ்கர்ட்டிங் வைத்தால் அதே வேலையைச் செய்யும்.

எந்த மரம் வாங்கலாம்?

நீளமான பதில் இதற்குத்தான்.

தேக்கைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: அறுத்த புதிதில் தேக்கு லேசாகப் பச்சையோடிய மஞ்சளாக, அங்கங்கே கறுப்பு வரியோடு இருக்கும். வெளிச்சம் பட்டு, மாதங்கள் போனால்தான் அந்தப் பொன்பழுப்பு வரும். அறுத்த அன்றைக்கே நிறம் பிடிக்கவில்லை என்று கறுஞ்சாயம் ஏற்றச் சொல்லாதீர்கள். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டுத் தேக்கு வருகிறது. மரவாடியில் நாட்டுத்தேக்கா வெளிநாட்டுத் தேக்கா என்று கேட்பதோடு, வைரம், அதாவது நடுவே முற்றி இறுகின பகுதி, எவ்வளவு என்றும் பாருங்கள். வைரம் ஏறாத வெளிப்பகுதி வெளுப்பாகத் தனியே தெரியும். சாயம் ஏற்றி மறைத்த பலகையில் அது தெரியாது. அதனால் சாயம் ஏற்றாத மரத்தை மட்டும் வாங்குங்கள்.

பலாவை நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். புதிதில் மஞ்சள்கிழங்கு மாதிரி பளீரென்று இருப்பதால் பயந்துவிடுகிறார்கள். வருஷம் போகப் போகத் தேன் நிறமாகி, பிறகு செம்பழுப்பாகும். வெள்ளைச் சுவருக்கு அதைவிடத் துணை கிடையாது. அயினி பொன்பழுப்பு, கதவுக்கு நன்றாக உழைக்கும். பூவரசின் வைரம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். பெரிய பலகை கிடைக்காது, ஸ்டூலுக்கும் அலமாரிக் கைப்பிடிக்கும் ஆகும். வாகையில் கறுப்பு வரி ஓடும், சாப்பாட்டு மேசைக்கு எனக்குப் பிடித்தது. வேம்பைப் பூச்சி அவ்வளவாக அண்டாது. வேங்கை உறுதியானது, ஆனால் ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் கக்கும். அதை நிலையாக வைத்து, சுவர் காய்வதற்கு முன் வெள்ளை அடித்தீர்கள் என்றால் சுவரில் கறை இறங்கும்.

படத்தில் காட்டுகிற வெளிர் மரம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ரப்பர் மரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் விளைகிறது, கிட்டத்தட்ட மோர் நிறம். பூச்சி சீக்கிரம் பிடிக்கும், ஆகவே மருந்து ஏற்றிப் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும்.

பனையை விட்டுவிட மனம் வரவில்லை. கறுப்பு நார் வரிவரியாக ஓடுகிற பனஞ்சட்டம் போல இன்னொரு மரம் கிடையாது. வெளிப்பகுதிதான் உறுதி, உள்ளே சோறு. உயிர்மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், வெட்டவும் வேண்டாம். ஓட்டு வீடு பிரிக்கிற இடத்தில் பழைய கைமரங்கள் கிடைக்கும். இழைத்து, சுவரில் ஒரு தட்டாகவோ திரைக்கம்பியாகவோ மாட்டுங்கள்.

எந்த மரமானாலும் பச்சையாக வாங்காதீர்கள். கேரளத்திலிருந்து ஈரத்தோடு செங்கோட்டை வழியாக வந்த பலகையை நெல்லை வெயிலில் ஒரு கோடை வைத்தால் இணைப்பில் ஐந்து ரூபாய்க் காசு நுழைகிற அளவு வாய் பிளக்கும். அறுத்து, காற்றோட்டமாக இடைக்கட்டை வைத்து அடுக்கி, சில மாதம் நிழலில் காயவிட்டுத்தான் ஆசாரியிடம் கொடுக்க வேண்டும்.

கன அடிக் கணக்கு எப்படிப் போடுவது?

அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 5-க்கு 3 சட்டத்தில் ஒரு தலைவாசல் நிலை: இரண்டு கால் 7 அடி, மேலும் கீழும் மூன்றரை அடி, மொத்தம் 21 அடி. 5 × 3 × 21 ÷ 144, ஏறக்குறைய 2.2 கன அடி. சேதாரம் தனி. விலையை எழுதினால் மாதத்தில் பழசாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

பழைய நிலை, கதவு வாங்கி மாட்டலாமா?

தாராளமாக. பழைய வீடுகளில் பர்மாத் தேக்கு போட்டிருப்பார்கள், காய்ந்து இறுகின மரம், இனி அவ்வளவாகச் சுருங்காது. வாங்குமுன் அடிப்பாகத்தை ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். செல்லரித்திருந்தால் பொதபொதவென்று உள்ளே போகும். சின்ன ஓட்டைகளிலிருந்து மாவு மாதிரி கொட்டினால் உளுத்தது.

அடுக்கடுக்காகப் பெயிண்ட் அடித்த கதவை உரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை நனைக்காமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கிற தூளில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தேக்கு கட்டுப்படியாகவில்லை. மரநிற லேமினேட் ஒட்டினால் போதாதா?

அலமாரிக்குள், கட்டிலுக்கு அடியில், சமையலறைப் பெட்டிகளில் போதும். கை படுகிற இடத்தில் வேண்டாம் என்பது என் கட்சி. கதவுக் கைப்பிடி, மாடிப்படிக் கைப்பிடி, சாப்பாட்டு மேசை, ஊஞ்சல் பலகை: இந்த நாலிலும் அசல் மரம் இருந்தால் மற்றது என்னவென்று யாரும் தட்டிப் பார்க்கமாட்டார்கள். சுவர் முழுக்க மரநிற லேமினேட் ஒட்டினால் வீடு நகைக்கடை மாதிரி ஆகிவிடும்.

உள்ளே போடுகிற பலகையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி கரை தாண்டி வீடுகளுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்த வீடுகளில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் நனைந்த ரொட்டியாக உப்பிக் கிடந்தன. அதே வீட்டில் தாத்தா காலத்துத் தேக்குப் பீரோவைக் கழுவி, நிழலில் காயவைத்து, திரும்ப உள்ளே வைத்தார்கள். ஆற்றோரமோ தாழ்வான தெருவோ என்றால் கீழ்ப்பெட்டிகளுக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட, தண்ணீர் தாங்குகிற பிளைவுட் மட்டும் கேளுங்கள். 303 என்பது வீட்டுக்குள் சாதாரண வேலைக்கானது.

பாலிஷ் எது போடுவது?

பளபளப்பு வேண்டாம். மினுமினுத்தால் மரம் பிளாஸ்டிக்காகத் தெரியும். மேட் கேளுங்கள். பிரெஞ்சு பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. பார்க்க அருமை, ஆனால் சூடான காப்பித் தம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். மேசைக்கும் தலைவாசலுக்கும் பி.யு. (பாலியூரித்தேன் பூச்சு) தாங்கும். ஊஞ்சல் பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் போதும், வருஷம் ஒருமுறை நீங்களே தேய்க்கலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு அப்புறம் எறியுங்கள்.

மாதத்தையும் பாருங்கள். அம்மி பறக்கிற ஆடிக் காற்றில் பாலிஷ் போட்டால், காய்வதற்குள் மணல் ஒட்டி, உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவே காயாது. தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

ஒரே அறையில் எத்தனை மர நிறம் வரலாம்?

இரண்டு. மூன்றாவது வந்தே ஆக வேண்டும் என்றால் அது சின்னப் பொருளாக இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கச் சாயம் பூசுவதைவிட, பலாவும் பூவரசும் பக்கத்தில் பக்கத்தில் வித்தியாசமாக நிற்பதே அழகு. அரைகுறையாகப் பொருந்துவதுதான் உறுத்தும்.

தரைக்கு என்ன போடலாம்?

காசும் பொறுமையும் இருந்தால் சிவப்பு ஆக்சைடுத் தரை. வெள்ளைச் சுவர், தேக்கு நிலை, சிவந்த தரை: நம் ஆச்சிமார் வீடுகளின் நிறக்கணக்கு அது, இன்றைக்கும் பழசாகவில்லை. தேய்த்துப் பளபளப்பாக்கத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் பாடு. கிடைக்காவிட்டால் மணல் நிறத்தில் மேட் டைல்ஸ். மரம் மாதிரி அச்சடித்த டைல்ஸை அசல் மரத்துக்குப் பக்கத்தில் மட்டும் போடாதீர்கள், இரண்டுமே கெட்டுப்போகும். ஒருநாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் வாருங்கள். வெள்ளைச் சுவர், மர விதானம், கண்ணாடி மாதிரி மின்னுகிற கறுத்த தரை. மூன்றே நிறம்.

பத்தமடைப் பாயை அலங்காரத்துக்குப் பயன்படுத்தலாமா?

தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி, தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து நெய்கிற பாய். புவிசார் குறியீடு பெற்றது. நயமான பாயை ஒரு கைக்குட்டை போல மடிக்கலாம், பட்டு மாதிரி இருக்கும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து தருவார்கள். சாயம் ஏற்றாத கோரையின் நிறம் இருக்கிறதே, பச்சையும் வைக்கோலும் கலந்தது, அதைத்தான் பெரிய கடைகளில் ஏதேதோ பெயர் சொல்லிப் பெயிண்டாக விற்கிறார்கள். ஒரு வீட்டில் பாயைச் சுவரில் பிடித்து, அந்த நிறத்தையே கடையில் கலக்கச் சொல்லி அடித்தோம்.

கட்டில் தலைமாட்டில் மரச்சட்டம் போட்டு மாட்டலாம், சாப்பாட்டு மேசையில் நீளவாட்டில் விரிக்கலாம். நேர்வெயிலில் வைத்தால் வெளுத்து நொறுங்கும். ஈரச்சுவரில் ஒட்டி மாட்டினால் பூஞ்சை பிடிக்கும். சுவருக்கும் பாய்க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

எந்த விளக்கு?

எல்லா அறையிலும் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. போட்டுவிட்டு, மரம் சோகையாகத் தெரிகிறது என்றால் எப்படி? கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். பட்டகசாலைக்கும் படுக்கையறைக்கும் 3000 கெல்வின், அடுக்களைக்கு 4000. டப்பாவில் எழுதியிருக்கும். நிறத்தை எவ்வளவு அசலாகக் காட்டும் என்பதற்கான எண்தான் சி.ஆர்.ஐ.; அது 90 போட்டதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, மரத்தின் சிவப்பு உயிரோடு தெரியும்.

டவுனில் இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடு. முன்னும் பின்னும்தான் வெளிச்சம். இருட்டாக இருக்குமே?

நடு அறைக்கு மட்டும் மிக வெளிர் நிறம், விதானத்துக்குச் சுத்த வெள்ளை. கறுத்த மரத்தை நடு அறையில் குவிக்காமல் முன்பக்கத் தார்சாவுக்கும் பின்கட்டுக்கும் தள்ளுங்கள். ஓட்டுக் கூரை மிச்சம் இருந்தால் நாலு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு வையுங்கள். எந்த பெயிண்டும் அந்த நாலு ஓட்டுக்கு ஈடாகாது.

பூஜை அறை?

மரத்தில் செய்யுங்கள், விளக்குக்குப் பின்னால் மட்டும் வேண்டாம். எண்ணெய்ப் புகை மூன்றே மாதத்தில் கறுப்பாக்கிவிடும். அந்த ஓரடியில் துடைக்கிற மாதிரி ஒரு கல் பதித்துவிடுங்கள்.

ஒரு அறைக்கு எத்தனை லிட்டர் பெயிண்ட்?

10-க்கு 12 அறை, 10 அடி உயரம்: சுற்றளவு 44, சுவர் 440 சதுர அடி. கதவு, இரண்டு சன்னல் கழித்தால் 385 போல வரும். பட்டி பார்த்த வழவழப்பான சுவரில் இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் சுமார் 120 சதுர அடி ஓடும். நாலு லிட்டர் வாங்கினால் பிறகு கீறல் மறைக்கவும் கொஞ்சம் மிஞ்சும். எல்லா அறைக்குமான பெயிண்டை ஒரே தடவையில் கலக்கச் சொல்லுங்கள். புதுப்பூச்சு என்றால் பட்டி பார்ப்பதற்கு முன் 28 நாளாவது ஆற விடுங்கள்.

வாடகை வீடு. சுவரில் கை வைக்க முடியாது. என்ன செய்யலாம்?

முதலில் பல்புகளை மாற்றுங்கள், போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். காடாத் துணியைத் தரை வரை தொங்குகிற மாதிரித் திரையாகத் தையுங்கள். தைக்குமுன் ஒருதடவை நனைத்துக் காயப்போடுங்கள், சுருங்குகிறதில் பெரும்பங்கு முதல் தண்ணீரிலேயே சுருங்கிவிடும். வீட்டுக்காரர் அடித்திருக்கிற ரோஜா நிறத்தில் பாதியைத் திரையே மறைத்துவிடும்.

அதற்குமேல் காசு இருந்தால் ஒரே ஒரு நல்ல மரச்சாமான் வாங்குங்கள். வாகையிலோ பலாவிலோ ஒரு பெஞ்ச். அடுத்த வீட்டு வாசலில் நுழைகிற அகலம்தானா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக இருக்கிற நம் பழைய வளவு வீடுகளில் சில வாசல்கள் இரண்டரை அடிதான்.